பாலும் விளையாட்டும்: கிங்ஸ்டனின் 129 குழந்தைகள்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். 1986–87இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளின் உயரத்தை அளந்தது. எல்லோரும் 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள். வயதுக்கு வேண்டிய உயரத்தைவிட மிகவும் குட்டையாக இருந்த 129 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு சின்ன வயதில் இப்படி உயரம் குறைவது பெரும்பாலும் பரம்பரையால் அல்ல. போதாத உணவும், திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் மாதக்கணக்கில் உடலைப் படுத்திய பாட்டின் அடையாளம் அது.

இவர்களில் சிலருக்குப் பால்மாவு கிடைத்தது. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டு கிடைத்தது. சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு இரண்டும் இல்லை. இது நடந்தது இரண்டே ஆண்டுகள். அதன்பின் அவர்கள் பள்ளி வயதை எட்டியபோதும், 11, 17, 22, 31 வயதுகளிலும் ஆய்வாளர்கள் தேடிப் போய் மறுபடி சந்தித்தார்கள்.

விளையாட்டு குழந்தைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு நல்லது, யாரோடு விளையாட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால் பதில் மங்கிவிடுகிறது. இந்தக் கேள்விகளுக்குக் கிங்ஸ்டன் ஆய்வு அளவுக்கு நேராகப் பதில் சொல்லும் இன்னொன்றை நான் படித்ததில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவமனையில் எழுந்த கேள்வி

இந்த ஆய்வின் மையத்தில் இருந்தவர் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவர். கடுமையான ஊட்டக்குறையோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் அவருக்கு நன்கு பழக்கம். சிகிச்சையால் உடல் தேறிவிடும், எடை ஏறும், வீக்கம் வடியும். ஆனால் பேச்சும் அறிவும் வயதுக்கு மிகவும் பின்தங்கியே இருக்கும், வீட்டுக்குப் போன பிறகும் அந்த இடைவெளி மூடாது.

1970களில் அவர் ஒரு முயற்சி செய்தார். வார்டில் இருக்கும் குழந்தைகளோடு தினமும் விளையாட ஏற்பாடு செய்தார். வீடு திரும்பிய பின்னும் ஆட்கள் வீட்டுக்கே போய் விளையாட்டைத் தொடர்ந்தார்கள். இப்படி விளையாடக் கிடைத்த குழந்தைகள், சிகிச்சை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட வெகுதூரம் முன்னேறினார்கள். 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, எண்ணிக்கையும் குறைவு. உயிருக்குப் போராடி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் சிலர்தான். மருத்துவமனைப் பக்கமே வராமல், அமைதியாகக் குட்டையாகிக்கொண்டு ஊர் முழுக்க இருக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இது பலிக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

இடையில் இன்னொரு சிறிய ஆய்வையும் அவரும் சக ஆய்வாளர் கிறிஸ்டின் பவலும் செய்து 1989இல் வெளியிட்டார்கள். வெளியே அதிகம் பேசப்படாத ஆய்வு அது, ஆனால் நடைமுறைக்கு அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். வீட்டுக்குப் போய் விளையாடுவதை மாதம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். மாதம் ஒருமுறை போனதில் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனதில் கொஞ்சம் தெரிந்தது. வாரந்தோறும் போனபோதுதான் முன்னேற்றம் கண்கூடாக இருந்தது. 129 குழந்தைகளின் ஆய்வு வாராந்தர வருகை என்று அமைந்ததற்கு இந்த அனுபவம் பின்னணி.

நான்கு குழுக்கள்

129 குழந்தைகளையும் இம்முறை குலுக்கல் முறையில் ஏறக்குறைய 32 பேர் வீதம் நான்காகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. வீட்டில் பசியோடு மற்றவர்களும் இருக்கும்போது குழந்தைக்குத் தரும் பால் குழந்தைக்கு மட்டும் போய்ச் சேராது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் குடும்பத்துக்கென்று சோளமாவும் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது ஒப்பீட்டுக் குழு. எந்தக் குழுவானாலும் இலவச மருத்துவம் எல்லோருக்கும் உண்டு. இவர்களைத் தவிர, அதே தெருக்களில் வயதுக்கேற்ற உயரத்தோடு வளர்ந்துகொண்டிருந்த 32 குழந்தைகளையும் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிந்தபோது 129 பேரில் 127 பேர் ஆய்வில் நிலைத்திருந்தார்கள். ஏழைக் குடியிருப்பில் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் ஒருவரைத் தவறாமல் சந்திப்பது எவ்வளவு கடினம் என்று களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரம்

விளையாட வீட்டுக்குப் போனவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்ல, ஆசிரியர்களும் அல்ல. சில வாரப் பயிற்சி பெற்ற சமூக சுகாதார உதவியாளர்கள், எல்லோரும் பெண்கள். நம்மூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர் என்று சொல்வோமே, ஏறத்தாழ அந்த நிலை.

கையில் ஒரு பை இருக்கும். உள்ளே இருப்பவை காலி பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி, மிச்சத் துணி போன்றவற்றிலிருந்து செய்த பொருள்கள். கடையில் வாங்கிய பொம்மை அரிது. உள்ளே மணியோ கல்லோ போட்டு மூடிய கிலுகிலுப்பை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் டப்பாக்கள், மரக்கட்டைகள், துணிப் பொம்மை, வெட்டிச் சேர்க்கும் அட்டைப் படங்கள், கையால் செய்த படப்புத்தகம் என்று அந்தப் பை வயதுக்கேற்ப மாறும். எந்த வயதில் எது, எதற்குப் பின் எது என்று முன்கூட்டியே ஒரு வரிசை வகுத்திருந்தார்கள். பொருள் கண்ணைவிட்டு மறைந்தாலும் இருக்கிறது என்று குழந்தை கண்டுகொள்வது, ஒரே நிறத்தைச் சேர்ப்பது, பெரியது சிறியது என்று பிரிப்பது, பிறகு பாவனை விளையாட்டு. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் கோட்பாட்டை ஒட்டி அமைந்த படிகள் இவை.

இந்த வேலையின் சூட்சுமம் குழந்தையோடு மட்டும் விளையாடிவிட்டு வராமல் இருப்பதில் இருந்தது. வந்தவர் முதலில் அம்மாவோடு பேசுவார், போன வாரம் கொடுத்ததை வைத்துக் குழந்தை என்ன செய்தது என்று கேட்பார். பிறகு புதிய விளையாட்டைச் செய்து காட்டுவார். அதையே அம்மா செய்ய, இவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். அம்மா குழந்தையைப் பாராட்டினால் இவர் அம்மாவைப் பாராட்டுவார். குளிக்க வைக்கும்போது உறுப்புகளின் பெயர் சொல்வது, துணி துவைக்கும்போது நிறம் சொல்வது என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே பேச்சை நுழைப்பது எப்படி என்று சொல்லித் தருவார். அடிப்பதற்குப் பதில் என்ன செய்யலாம் என்றும் பேசுவார்கள். கிளம்பும்போது விளையாட்டுப் பொருளை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரம் இது போய் வேறொன்று வரும்.

வருபவர் விளையாடுவது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதமுள்ள ஆறு நாட்களும் விளையாட்டுப் பொருளும் அம்மாவும் குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். ஆய்வு உண்மையில் சோதித்துப் பார்த்தது அந்த ஆறு நாட்களைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அம்மாவுக்கும் இதில் ஏதோ கிடைத்திருக்கிறது. ஜமைக்காவிலேயே பின்னர் ஊட்டச்சத்து மருத்துவமனைகளுக்கு வந்த குடும்பங்களில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். அதில் தாய்மாரின் மனச்சோர்வு குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. வாரம் ஒருமுறை ஒருவர் வந்து உட்கார்ந்து, நீ நன்றாகச் செய்கிறாய் என்று சொல்வது வறுமையில் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இரண்டு ஆண்டுகளும் அதன் பிறகும்

1991இல் முதல் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிறு குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் கிரிஃபித்ஸ் அளவுகோலை ஜமைக்காவுக்கு ஏற்ப மாற்றி, நடை, கை-கண் ஒத்திசைவு, கேட்டலும் பேச்சும், செயல்திறன் ஆகிய நான்கையும் அளந்திருந்தார்கள். பால் பெற்ற குழுவும் முன்னேறியது, விளையாட்டுப் பெற்ற குழுவும் முன்னேறியது. இரண்டும் பெற்ற குழு, அதே தெருவில் நன்றாக வளர்ந்த குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. விளையாட்டால் உயரம் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாலால் கிடைத்த உடல் வளர்ச்சியும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் கிடைத்ததுதான்.

இதோடு நின்றிருந்தால் உணவும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கதை மாறியது பிறகுதான்.

7–8 வயதில் பார்த்தபோது எல்லாப் பலன்களும் மங்கியிருந்தன. பாலோ விளையாட்டோ பெற்ற குழுக்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் இடையே சின்ன வேறுபாடுகள்தான் இருந்தன. அந்த வயதோடு ஆய்வை முடித்திருந்தால் இந்த முயற்சி தோற்றுவிட்டதாகவே எழுதியிருப்பார்கள். 11–12 வயதில் விளையாட்டுக் குழு மறுபடி முன்னால் தெரிந்தது. பால் மட்டும் பெற்றவர்களின் அறிவுத்திறனில் தனியாகச் சொல்லும்படி எதுவும் எஞ்சவில்லை. 17–18 வயதில், எடுத்துக்கொண்ட 12 அறிவுத்திறன், கல்வித் தேர்வுகளில் 11இல் விளையாட்டுப் பெற்றவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். சொல்வளமும் வாசிப்பும் குறிப்பாக மேம்பட்டிருந்தன. பதற்றமும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு, தன்மதிப்பு அதிகம்.

22 வயதில் 105 பேரைக் கண்டுபிடித்தார்கள். ஜமைக்காவிலிருந்து அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று போய்விட்டவர்களையும் தேடினார்கள். விளையாட்டுப் பெற்றவர்கள் அதிகம் படித்திருந்தார்கள். சண்டையிலும் கடும் வன்முறையிலும் ஈடுபட்டது குறைவு. கிங்ஸ்டனின் அந்தப் பகுதிகளில் வன்முறை எவ்வளவு சகஜம் என்பதை நினைத்தால் இதன் எடை புரியும். பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் முதலிய பொருளாதார அறிஞர்களும் ஜமைக்கா ஆய்வாளர்களும் சேர்ந்து 2014இல் சயன்ஸ் இதழில் இவர்களின் வருமானக் கணக்கை வெளியிட்டார்கள். ஹெக்மன் 2000ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். குழந்தைப் பருவத்தில் விளையாட்டுப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நன்றாக வளர்ந்த அந்த அண்டை வீட்டுக் குழந்தைகளின் வருமானத்தை அவர்கள் எட்டிவிட்டார்கள். 31 வயதில் மணிநேரக் கூலியில் வித்தியாசம் 43 சதவீதம், மொத்த வருமானத்தில் 37 சதவீதம்.

பால் ஏன் மங்கியது?

ஊட்டக்குறை மூளைக்குத் தேவையான சத்தைக் குறைக்கிறது என்பது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு, அது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஊட்டக்குறையுள்ள குழந்தை சோர்ந்து கிடக்கும். தவழ்ந்து போய் எதையும் இழுக்காது, கேட்காது. அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது, இறங்கினாலும் சிணுங்கும். ஜமைக்காவில் வீடுகளில் உட்கார்ந்து கவனித்தபோதும் குட்டைக் குழந்தைகள் மற்றவர்களைவிட உற்சாகம் குறைந்து, அக்கறையற்றே இருந்தார்கள். இப்படி இருக்கும் குழந்தையிடம் பெரியவர்களும் குறைவாகவே பேசுவார்கள். உருவமும் சின்னது என்பதால் ஒன்றரை வயதுக் குழந்தையை எட்டு மாதக் குழந்தை போலவே நடத்துவார்கள். குழந்தை கேட்பதில்லை, அதனால் யாரும் தருவதில்லை. இந்த வட்டத்தைப் பால் மட்டும் உடைக்கவில்லை. தெம்பு வந்தது, ஆனால் அந்தத் தெம்பை வைத்துக்கொண்டு ஆராய்வதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை, கூட உட்கார ஒருவரும் இல்லை.

இதை எழுதுவதால் உணவு தேவையில்லை என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது பெரும் தவறு. பசித்த குழந்தைக்கு உணவு உரிமை, அதற்கு வேறு எந்தக் காரணமும் வேண்டாம். கடும் ஊட்டக்குறைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துப் படிச் சிகிச்சையில் ஒன்பதாவது படியே புலன் தூண்டலும் அன்பான பராமரிப்பும்தான். விளையாட்டும் உணவும் அங்கே ஒரே சீட்டில் எழுதப்படுகின்றன.

எதை நம்பலாம், எதில் நிதானம் வேண்டும்

129 என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு குழுவில் 32 பேர் இருக்கும்போது ஒன்றிரண்டு பேரின் வாழ்க்கை சராசரியை அசைத்துவிடும். வருமானக் கணக்கில் இரண்டு விளையாட்டுக் குழுக்களையும் ஒன்றாகவும், விளையாட்டுப் பெறாத இரண்டையும் ஒன்றாகவும் சேர்த்துத்தான் ஒப்பிட்டார்கள். பாலின் பலன் நீடிக்கவில்லை என்பதால் அது நியாயம்தான், ஆனாலும் 43 சதவீதத்தை எல்லா நாட்டுக்கும் பொருந்தும் எண்ணாக மேடையில் சொல்வது சரியில்லை. அடுத்து, இந்த முயற்சியில் விளையாட்டு, பேச்சு, பாராட்டு, அம்மாவின் தன்னம்பிக்கை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. எந்த இழை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் விளையாட்டே அப்படித்தான், யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து முகம் மலர்ந்தால்தான் அது நீளும்.

நிதானம் கேட்கும் பெரிய சான்று கொலம்பியாவிலிருந்து வருகிறது. அங்கே 96 ஊர்களில் 1,420 குழந்தைகளிடம் இதே முறையை 18 மாதங்கள் செய்தார்கள். வீடுகளுக்குப் போனவர்கள் உள்ளூர்த் தாய்மாரே. முடிந்த கையோடு அளந்தபோது அறிவுத்திறன் 0.26 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) கூடியிருந்தது. கூடவே கொடுத்த நுண்ணூட்டப் பொடியால் எந்த வித்தியாசமும் இல்லை. ஏன் கூடியது என்று ஆராய்ந்தபோது, பெற்றோர் வீட்டில் விளையாட்டுப் பொருளுக்கும் விளையாட்டுக்கும் கூடுதலாக இடம் கொடுத்ததே பெரும்பங்கு என்று தெரிந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது அந்த முன்னேற்றம் தென்படவில்லை. கிங்ஸ்டனிலும் 7 வயதில் மங்கிப் பிறகு திரும்பியதே என்று ஆறுதல் சொல்லலாம். அப்படித் திரும்பும் என்று உறுதி கொடுக்க யாராலும் முடியாது. 18 மாதம் என்பது இரண்டு ஆண்டைவிடக் குறைவு. பெரிய அளவில் செய்யும்போது ஒவ்வொரு வீட்டு வருகையின் தரமும் தளரும். இரண்டும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஒடிசா வரை வந்த கிங்ஸ்டன் பை

ஜமைக்கா குழு தன் பாடத்திட்டத்தை ‘ரீச் அப்’ என்ற பெயரில் தொகுத்து மற்ற நாடுகளுக்கும் கொடுத்தது. வங்கதேசம், பிரேசில், ஜிம்பாப்வே என்று அது பயணப்பட்டது. இந்தியாவில் ஒடிசாவின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளிடம் 18 மாதங்கள் செய்து பார்த்தார்கள். அறிவுத்திறன் 0.36 திட்ட விலக்கம் உயர்ந்தது. அடுத்து ஒடிசாவின் கிராமப்புறத்தில், 192 கிராமங்களில், நமக்கு மிகவும் வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டார்கள். வீடு வீடாகப் போவதும், தாய்மார் சிலரைக் குழந்தைகளோடு ஓரிடத்தில் உட்காரவைத்து விளையாடுவதும் ஒரே பலனைத் தருமா? 2020இல் வந்த பதில், இரண்டும் ஏறக்குறைய சமம் என்பது. செலவு மட்டும் சமமில்லை, கூட்டாகச் செய்வது மிகவும் மலிவு.

நம் அங்கன்வாடிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்பருவக் கல்வி மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தமிழ்நாட்டில் கிடைப்பது சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்த்தல். கிங்ஸ்டனில் எல்லாம் நடந்த அந்த வயது இதுதான். ஒன்றிய அரசு 2024இல் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கென ‘நவ்சேதனா’ என்ற வழிகாட்டியை வெளியிட்டு, 36 மாதத்துக்கும் விளையாட்டு நாட்காட்டி வகுத்தது. நல்ல தொடக்கம். அதைப் படிக்கும்போது 1989இன் அந்தச் சின்ன ஆய்வு என் நினைவை விட்டு நகரவில்லை. மாதம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனால் பலன் இல்லை என்று அது காட்டியிருக்கிறது.

சமையல், பதிவேடு, செல்போன் செயலியில் தகவல் ஏற்றுவது, தேர்தல் வேலை என்று ஏற்கனவே நிறைந்திருக்கும் ஒரு பணியாளர் வாரந்தோறும் இருபது வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் தரையில் உட்கார முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு முற்பகல், சத்துமாவு வாங்க வரும் தாய்மாரோடு குழந்தைகளையும் மையத்தில் உட்காரவைக்க முடியும். அதற்கு வேண்டியவை குறைவு: வயதுவாரியாகச் சில பைகள், கையால் செய்த பொருள்கள், அவற்றை வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வாரம் மாற்றிக்கொள்ள ஒரு நோட்டு, தாய்மாரைச் செய்ய வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பழக்கத்தைக் கற்றுத்தர சில வாரப் பயிற்சி. இவற்றோடு, மாதம் ஒருமுறையாவது நேரில் வந்து கூட உட்காரும் மேற்பார்வையாளர் ஒருவரும் வேண்டும்.